வேகம் கூடினால் எக்கோ ஏன் கண்ணை மூடுகிறது?



நம் அறக்கட்டளைக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் வலை, இன்ஜின், பேட்டரி ஆகியவற்றோடு இப்போது எக்கோ சவுண்டரும் சேர்ந்துவிட்டது. ஆழம் பார்க்கும் கருவி என்றும், மீன் பார்க்கும் கருவி என்றும், சுருக்கமாக ‘எக்கோ’ என்றும் நம் கரையில் சொல்வது இதைத்தான். புதிய எக்கோ கேட்டு வரும் மனுக்களில் அடிக்கடி பார்க்கும் காரணம் இது: “மெதுவாகப் போனால் ஆழம் காட்டுகிறது. வேகம் எடுத்தால் எண் போய்விடுகிறது. கருவி பழுது.”

இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது. மெதுவாகப் போகும்போது ஒழுங்காக ஆழம் காட்டும் கருவி பெரும்பாலும் நல்ல கருவியே. குறை அதைப் பொருத்திய இடத்திலோ, சாய்விலோ, அதற்குப் போகும் மின்கம்பியிலோதான் வழக்கமாக இருக்கும். அதே இடத்தில், அதே சாய்வில், அதே கம்பியில் புதிய கருவியை மாட்டினாலும் அதே குறை திரும்ப வரும். அப்போது குடும்பத்தின் தலையில் கடனும் இருக்கும், கடலில் ஆழமும் தெரியாது. ஆகவே காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

கருவி செய்யும் வேலை

கரையில் நமக்குத் தெரிவது திரை மட்டும். உண்மையான வேலையைச் செய்வது தண்ணீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசர். அதனுள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. அதற்கு மின்துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வந்து அதே வில்லையை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி மின்சாரமாகித் திரைக்குப் போகும். போய் வந்த நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது.

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். ஆழம் 15 மீட்டர் என்றால் போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. சிறு படகுக் கருவிகள் பலவற்றில் 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். முதலாவது ஆழ்கடலுக்கு, இரண்டாவது ஆழம் குறைந்த நீருக்கு ஏற்றது.

இந்த வித்தை முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் முயற்சியில் வளர்ந்தது. பிரான்ஸ் நாட்டு அறிஞர் பால் லாஞ்சவன் அதில் முன்னோடி. அதையே மீன்பிடிப் படகுக்கான கருவியாக்கி, 1948-ல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஃபுருனோ சகோதரர்கள். அதற்கு முன் நம் முன்னோர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, கையை விரித்துப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்தார்கள். இப்போது கயிற்றின் வேலையை ஒலி செய்கிறது.

படகு ஒலியை முந்திவிடுகிறதா?

“வேகமாகப் போனால் எதிரொலி வருவதற்குள் படகு தாண்டிப் போய்விடுகிறது, அதனால்தான் எண் தெரிவதில்லை” என்று சிலர் சொல்கிறார்கள். கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் கணக்கு அப்படி இல்லை.

ஒரு ஃபைபர் படகு 10 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்குச் சுமார் 5 மீட்டர். ஆழம் 10 மீட்டர் என்றால் ஒலி போய்த் திரும்பும் நேரத்தில் படகு நகர்ந்திருப்பது 7 சென்டிமீட்டர் மட்டுமே, அதாவது நாலு விரல் அகலம். வேகத்தை இரட்டித்தாலும் ஒரு சாண்கூட ஆகாது. ஒலிக் கற்றையோ கீழே போகப் போகக் கூம்பு போல விரிந்து செல்கிறது. ஆகவே படகு ஒலியை முந்துவதில்லை. ஒலி கீழே போகவோ திரும்பி வரவோ முடியாமல் நடுவில் ஏதோ தடுக்கிறது. பெரும்பாலும் அந்தத் தடை காற்று.

காற்றுக் குமிழி என்னும் சுவர்

ஊருணியில் முங்கிக் கிடக்கும் பிள்ளைக்குக் கரையில் நின்று கூப்பிடுவது சரியாகக் கேட்காது. நம் குரல் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுவதுதான் காரணம். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே அந்தப் பக்கம் போகும். மீதி முழுவதும் திரும்பிவிடும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் மெல்லிய குமிழிப் படலம் ஒட்டினாலும் அதே கதைதான். பார்வைக்கு வெறும் நுரை, ஒலிக்கு அது மதில் சுவர்.

படகு மெதுவாகப் போகும்போது அடியில் ஓடும் தண்ணீர் தெளிவாக, குமிழியில்லாமல் இருக்கும். வேகம் கூடும்போது பல காரணங்களால் காற்று உள்ளே வருகிறது.

அணியம் அலையை வெட்டும்போது காற்று இழுபட்டு, படகின் அடியோடு பின்னுக்கு ஓடி வருகிறது. அடிப்பாகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வரிப்பட்டை, போல்ட் தலை, தண்ணீர் உறிஞ்சும் துளை ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர் சுழன்று நுரைக்கிறது. புரொப்பல்லர் தன்னைச் சுற்றியுள்ள நீரைக் கலக்குகிறது. வேகத்தில் அணியம் தூக்கி, படகின் சாய்வு மாறுகிறது. மேலே தூக்கிப் பொருத்திய டிரான்ஸ்டியூசராக இருந்தால் அப்போது நீரை விட்டே வெளியே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. டிரான்ஸ்டியூசர் தவறான சாய்வில் இருந்தால் அதன் முகத்தை ஒட்டித் தண்ணீர் சீராக ஓடாமல் பிய்ந்து ஓடும். அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, தண்ணீருக்குள்ளேயே குமிழிகள் பிறக்கும். வெளியிலிருந்து காற்று வராமலே அது தனக்குத் தானே சுவர் எழுப்பிக்கொள்கிறது.

அடியில் சேறு இருந்தால் எதிரொலி பலவீனமாகத் திரும்பும். பாக் நீரிணையில் கடற்புல் அடர்ந்த இடங்களும் நிறைய உண்டு. அங்கே எதிரொலி புல்லிலிருந்தும் வரும், தரையிலிருந்தும் வரும். எதிரொலி ஏற்கெனவே தெளிவில்லாத இடத்தில் சிறு நுரை சேர்ந்தாலும் எண் போய்விடும். பாறையடியில் நன்றாகக் காட்டிய கருவி சேற்றடியில் தடுமாறினால், அதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது.

செலவில்லாத சோதனைகள்

பழுது பார்ப்பவரிடம் போகும் முன் படகுக்காரரே செய்யக்கூடிய சோதனைகள் இவை. காற்றும் அலையும் அடங்கிய அதிகாலையில், ஆழம் நன்றாகத் தெரிந்த, பாரில்லாத இடத்தில், இரண்டு பேராகச் செய்யுங்கள். இருவரும் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருக்க வேண்டும். ஒருவர் படகைப் பார்க்கட்டும், மற்றவர் திரையைப் பார்த்து நோட்டில் எழுதட்டும்.

முதல் சோதனை: இன்ஜினை நிறுத்திப் படகை மிதக்க விடுங்கள். ஆழம் நிலையாகத் தெரிகிறதா? தெரிந்தால் கருவி, கம்பி, டிரான்ஸ்டியூசர் மூன்றும் அடிப்படையில் நன்றாக இருக்கின்றன. இங்கேயே தெரியாவிட்டால் குறைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. டிரான்ஸ்டியூசர் முகத்தில் பாசியோ கொட்டலசோ படிந்திருக்கிறதா, இணைப்பு முனை பச்சை பிடித்திருக்கிறதா, கம்பி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் சோதனை: நங்கூரமிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கச் சிறிது நேரம் அளவாக ரெய்ஸ் செய்யுங்கள். படகு நகரவில்லை, ஆகவே அடியில் வேக நுரை இல்லை. இப்போதே திரையில் புள்ளியும் கோடும் நிறைந்து எண் தடுமாறினால் குறை மின்சாரத்தில் இருக்கிறது. தடுமாறாவிட்டால் காற்றையும் பொருத்திய விதத்தையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் சோதனை: கியர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். ஜி.பி.எஸ். இருந்தால் எந்த வேகத்தில் எண் போகிறது, குறைக்கும்போது எந்த வேகத்தில் திரும்புகிறது என்று எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் பட்டென்று போனால் அது நுரை அல்லது டிரான்ஸ்டியூசர் நீரை விட்டு எழுவதன் அடையாளம். இன்ஜின் சத்தம் ஏற ஏறத் திரையில் கறை மெல்லக் கூடிக்கொண்டே போனால் மின் இரைச்சலின் அடையாளம்.

நான்காம் சோதனை: அதே வேகத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் எண் போனால் அந்தத் திருப்பத்தில் டிரான்ஸ்டியூசர் உள்ள பக்கம் மேலே தூக்குகிறது, அல்லது புரொப்பல்லர் கலக்கிய நீர் அதன்மேல் அடிக்கிறது.

ஐந்தாம் சோதனை: ஒருவர் இருக்கையை நன்றாகப் பிடித்துக்கொண்டு, பின்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் பிரிந்து ஓடும் விதத்தைப் பார்க்கட்டும். டிரான்ஸ்டியூசர் இருக்கும் வரிசையில் வெள்ளை நுரை ஓடுகிறதா, கண்ணாடி போலத் தெளிந்த நீர் ஓடுகிறதா? தெளிந்த நீர் எந்த வரிசையில் ஓடுகிறதோ அதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கருவி இருக்க வேண்டிய இடம் அதுதான்.

வலை, ஐஸ், ஆட்கள் ஏறிய சுமையிலும் ஒருமுறை, வெறும் படகிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. சுமை மாறினால் படகின் சாய்வு மாறும், நுரை ஓடும் பாதையும் மாறும்.

பின்பலகையில் பொருத்தும் முறை

வெளிப்புற இன்ஜின் மாட்டிய ஃபைபர் படகுகளில் டிரான்ஸ்டியூசரைப் பின்பலகையில் திருகுவது வழக்கம். அதற்குச் சில விதிகள் உண்டு.

புரொப்பல்லரிலிருந்து குறைந்தது ஒன்றே கால் அடி தள்ளி இருக்க வேண்டும். படகின் பின்னால் நின்று முன்நோக்கிப் பார்க்கும்போது, முன்னோட்டத்தில் புரொப்பல்லர் கடிகார முள் போலச் சுற்றினால் வலப்பக்கம் பொருத்துவது நல்லது. அந்தப் பக்கம் இதழ்கள் மேலிருந்து கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. எதிர்த்திசையில் சுற்றினால் இடப்பக்கம். எந்தப் பக்கமானாலும் அதற்கு நேர் முன்னால் படகின் அடியில் வரிப்பட்டையோ போல்ட்டோ துளையோ இருக்கக் கூடாது.

உயரம் முக்கியம். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடி விளிம்பைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி பொருத்தித் தொடங்குவார்கள். அலுமினியப் படகுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர். வேகத்தில் எண் போனால் இன்னும் 3 மில்லிமீட்டர் இறக்கிப் பார்க்க வேண்டும். “கீழே போனால்தானே நல்லது” என்று ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது. அதிகம் இறங்கினால் அதுவே தண்ணீரைக் கிழித்துப் பின்னால் பீச்சியடிக்கும், தானே நுரையை உண்டாக்கும், மிதக்கும் கட்டையில் மோதி உடையவும் செய்யும்.

சாய்வையும் பார்க்க வேண்டும். படகு ஓடும் நிலையில் டிரான்ஸ்டியூசரின் முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். முன்விளிம்பு பின்விளிம்பைவிட இம்மியளவு உயர்ந்திருந்தால் தண்ணீர் முகத்தோடு அணைந்து ஓடும். முன்விளிம்பு தாழ்ந்திருந்தால் தண்ணீர் முகத்தை விட்டுப் பிரிந்து குமிழி கட்டும். கரையில் படகு மணலில் சாய்ந்து கிடக்கும்போது கண்ணளவில் பொருத்திவிட்டுப் போவதால் வரும் குறை இது.

மோதினால் மடங்கும்படி செய்யப்பட்ட தாங்கிகளில் கொக்கி தளர்ந்திருந்தால், வேகத்தில் நீரின் அழுத்தமே அதை மேலே தூக்கிவிடும். கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் முதலில் அதை இறுக்குங்கள். குறை அதோடு தீர்ந்தாலும் தீர்ந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். உயரத்தையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. மாற்றியதை எழுதி, அதே இடத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள்.

டிரான்ஸ்டியூசரின் முகத்தைச் சோப்பு நீர் தொட்ட மென்மையான துணியால் துடைத்து வையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் தண்ணீர் ஒட்டாமல் குமிழி ஒட்டிக்கொள்ளும். கொட்டலசைக் கத்தியால் சுரண்டாதீர்கள். படகுக்கு அடிக்கும் சாதாரணப் பெயின்டை அதன்மேல் பூசாதீர்கள். அதற்கென்று உள்ள, தண்ணீரில் கரைத்த வகைப் பெயின்டை மெல்லியதாகப் பூசலாம்.

படகின் உள்ளேயே பொருத்தும் வழி

தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் வெளியே நீட்டிய டிரான்ஸ்டியூசர் நீண்ட நாள் நிலைப்பதில்லை. அவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஃபைபர் அடிப்பாகத்தின் உள்பக்கத்திலேயே எப்பாக்ஸி பசையால் ஒட்டிவிடலாம். ஒலி ஃபைபரைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். வெளியே எதுவும் நீட்டாததால் நுரையும் குறைவு, வேகத்திலும் எண் நிலைக்கும். ஒலியில் ஒரு பங்கு ஃபைபரிலேயே குறைந்துவிடும் என்றாலும், ஆழம் குறைந்த நம் வடகடலுக்கு அது பெரிய நட்டமில்லை.

ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. அந்த இடத்தில் ஃபைபர் கெட்டியாக, ஒரே பாளமாக இருக்க வேண்டும். நடுவில் தெர்மோகோல் போன்ற நுரைப்பொருளோ பலகையோ வைத்துக் கட்டியிருந்தால் ஒலி போகாது. மர வல்லத்துக்கு இது ஆகாது. பசையில் காற்றுக் குமிழி சிக்கக் கூடாது, சிக்கினால் வெளியே விரட்டிய சுவரை உள்ளே கட்டியதாகிவிடும். பக்கவாட்டுப் படம் காட்டும் வகைக் கருவிகளுக்கும் இந்த முறை ஒத்துவராது.

ஒட்டும் முன் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மெல்லிய பாலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதனுள் இறக்கி, பையைப் படகின் உள்தரையில் அழுத்தி வையுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீரையும் தெளித்துக்கொள்ளுங்கள். இப்போது காட்டும் ஆழமும், டிரான்ஸ்டியூசரை வெளியே கடலில் பிடித்தால் காட்டும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த இடம் தேறும். பிறகு ஓட்டிப் பார்த்து, வேகத்திலும் நிலைத்தால் ஒட்டலாம்.

மின்சாரக் குறை

இரண்டாம் சோதனையில் நியூட்ரலிலேயே திரை கலங்கினால் இந்தப் பகுதி உங்களுக்கானது. இன்ஜின் வேகம் கூடும்போது அதன் பற்றவைப்பு முறையும் சார்ஜ் ஏற்றும் பகுதியும் மின் இரைச்சலைக் கிளப்பும். எதிரொலி மிகச் சிறிய மின்துடிப்பாகத்தான் வருகிறது. இரைச்சல் பெரிதானால் அது அதில் மூழ்கிவிடும்.

வேறொரு நல்ல 12 வோல்ட் பேட்டரியை இன்ஜினோடு சேர்க்காமல் தனியே வைத்து, எக்கோவை மட்டும் அதில் ஓட்டிப் பாருங்கள். கலக்கம் தீர்ந்தால் குறை மின் இணைப்பில் என்று உறுதியாகிவிடும். பிறகு செய்ய வேண்டியவை இவை. விளக்கு, பம்பு, வயர்லெஸ் ஆகியவற்றோடு பங்கு போடாமல், பேட்டரியிலிருந்து எக்கோவுக்கு நேராகத் தனிக் கம்பி இழுத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு ஃபியூஸ் போடுங்கள். டிரான்ஸ்டியூசர் கம்பியை இன்ஜின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். படகின் மறுபக்கமாகக் கொண்டுபோவது நல்லது. நீளம் மிஞ்சினாலும் அந்தக் கம்பியை வெட்டி ஒட்டாதீர்கள். பேட்டரி முனைகளையும் இணைப்புகளையும் உப்புப் பிடிக்காமல் துடைத்து வையுங்கள்.

திரையில் மாற்ற வேண்டியவை

பாக் நீரிணையின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. அங்கே 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையையும், 20 மீட்டர் அளவிலான எல்லையையும் கையால் வைத்துக்கொண்டால் கருவி வீணாக ஆழத்தில் தேடிக்கொண்டிருக்காது. தென்கடலில் மன்னார் வளைகுடாவின் வெளிப்பக்கம் போகும்போது எல்லையையும் அலைவரிசையையும் மாற்ற மறக்காதீர்கள்.

வேகத்தில் உணர்திறனை மிக அதிகமாக வைத்தால் கருவி நுரையின் எதிரொலியைப் பிடித்துக்கொண்டு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று காட்டும். கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஆழம் குறைந்த கெட்டித் தரையில் வேறொரு ஏமாற்றும் உண்டு. ஒலி தரையிலும் நீர்ப்பரப்பிலும் மோதி இரண்டு தடவை போய் வரும்போது, 3 மீட்டர் ஆழத்தை 6 என்று சில சமயம் காட்டிவிடும். திரையில் ஒரு தரைக்கோட்டுக்குக் கீழே இரட்டை ஆழத்தில் இன்னொரு கோடு தெரிந்தால் மேல்கோட்டையே நம்புங்கள்.

அலகையும் பாருங்கள். 5 என்பது மீட்டரா, பாகமா? 5 பாகம் என்றால் 30 அடி, சுமார் 9 மீட்டர். படகை இரவல் வாங்கிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

எண் மின்னினால் அது ஆழம் அல்ல

இதுவரை சொன்னது பணத்தைக் காக்க. இனிச் சொல்வது உயிரைக் காக்க.

பல கருவிகளில் தரை தொலைந்ததும் திரை இருண்டுவிடாது. கடைசியாகக் கிடைத்த எண் அப்படியே நின்று மின்னிக்கொண்டிருக்கும். அது இப்போதைய ஆழம் அல்ல, சற்று முன் கடந்து வந்த இடத்தின் ஆழம். 10 நாட் வேகத்தில் பத்து நொடி மின்னினால் படகு 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று பொருள்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பார்கள். ஆழத்திலிருந்து பார் எழும்ப 50 மீட்டர் தூரம் தாராளமாகப் போதும். அதிலும் எக்கோ தனக்கு நேர் கீழே இருப்பதை மட்டுமே காட்டுகிறது. முன்னால் வரப்போவதை அது பார்ப்பதில்லை. எண் ஒழுங்காகக் காட்டும் கருவியும் பாருக்கு முன்னால் வேகத்தைக் குறைக்காதவரைக் காப்பாற்றாது.

ஆகவே நம் பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டிய பழக்கம் ஒன்றே: எண் மின்னினால் வேகத்தைக் குறை, எண் நிலைத்த பிறகு நகர். தீவோரம், பாரோரம், துறைமுக வாய், இரவு நேரம் ஆகிய இடங்களில் கருவி காட்டினாலும் காட்டாவிட்டாலும் மெதுவாகவே போக வேண்டும். ஆழம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள். ஈயக்குண்டும் முடிச்சுப் போட்ட கயிறும் படகில் ஒன்று கிடக்கட்டும். பேட்டரி இறங்கினாலும் அது வேலை செய்யும். வீட்டில் இருக்கும் தாய்மார்கள், “சோறு எடுத்தாயா, தண்ணீர் எடுத்தாயா” என்று கேட்கும்போது, “குண்டுக் கயிறு எடுத்தாயா” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடன் மனு கொடுப்போருக்கு

எக்கோவுக்குக் கடன் தரமாட்டோம் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். இன்ஜினை நிறுத்திய நிலையிலும் ஆழம் காட்டாத கருவி, உடைந்த டிரான்ஸ்டியூசர், உள்ளே நீர் புகுந்த திரை ஆகியவற்றுக்கு மாற்று வேண்டும்தான். டிரான்ஸ்டியூசர் மட்டும் கெட்டிருந்தால் அதே கருவிக்குப் பொருந்தும் டிரான்ஸ்டியூசரைத் தனியாக வாங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். முழுக் கருவியின் விலையில் ஒரு பகுதியோடு வேலை முடியக்கூடும்.

மனுவோடு மேலே சொன்ன ஐந்து சோதனைகளின் குறிப்பை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். எந்த வேகத்தில் எண் போகிறது, நியூட்ரலில் எப்படி, திருப்பத்தில் எப்படி, டிரான்ஸ்டியூசர் எங்கே இருக்கிறது என்று நாலு வரி போதும். எழுத வராதவர்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அந்தத் தாளைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினால் அவருக்கும் பாதி வேலை முடிந்துவிடும், தேவையில்லாத உருப்படியை மாற்றும் செலவும் மிஞ்சும்.

பைத்துல் மாலில் இருக்கும் பணம் அமானத். ஒரு குடும்பத்துக்குத் தேவையில்லாமல் போகும் ஆயிரம் ரூபாய், வரிசையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தின் மருந்துச் சீட்டுக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ உரியது. 3 மில்லிமீட்டர் இறக்கி வைத்தால் தீரும் குறைக்காக யாரும் கடனாளியாக வேண்டாம். கடலில் இருப்பவர்கள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக, ஆமீன்.